பூவரசங்கிளையும் உலகக் கோப்பையும்: ஜூனியர் ஹாக்கி – கிள்ளை மக்களின் சந்தேகங்களும் விளக்கங்களும்

கடலூர் மாவட்டம் கிள்ளையில் இருந்து பிச்சாவரம் போகும் சாலையோரத் திடலில், மழை விட்டிருந்த ஒரு மார்கழி மாலையில் ஏழெட்டுச் சிறுவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கையில் பூவரசங்கிளை இருந்தது. நுனி தானாக வளைந்த இடமாகப் பார்த்து வெட்டி, பட்டையை உரித்து, பிடிக்கிற இடத்தில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றியிருந்தான். மற்றவர்களிடம் தென்னை மட்டை. இரண்டு செங்கல் நட்டால் கோல். பந்து சேற்றில் சிக்கிச் சிக்கி நின்றது.

"என்னப்பா ஆடுறீங்க?" என்றேன். "ஹாக்கிண்ணா. மெட்ராஸ்ல நடந்துச்சே, போன்ல பாத்தோம்" என்றான் பூவரசங்கிளைக்காரன்.

2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஆண்கள் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கியைத்தான் அவன் சொன்னான். கிரிக்கெட் தவிர வேறெதுவும் பேசாத தெருக்களில்கூட அந்தப் பதின்மூன்று நாட்களும் ஹாக்கிப் பேச்சு இருந்தது. பேச்சோடு சந்தேகங்களும் வந்தன. பெற்றோர், ஆசிரியர், படகுக்காரர், மாணவர் எனப் பலரும் கேட்டவற்றைத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் விளக்கம் தருகிறோம்.

ஜூனியர் என்றால் எத்தனை வயது? மீசை வைத்தவர்கள் எல்லாம் ஆடினார்களே?

இது பள்ளிச் சிறுவர் போட்டி அல்ல. 21 வயதுக்கு உட்பட்டோருக்கான போட்டி. 2025 போட்டிக்கு வகுத்த விதி, 2004 ஜனவரி 1-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும் என்பது. அதனால் போட்டி நடந்த ஆண்டில் 21 வயதை எட்டியவரும் ஆடலாம்.

2004 என்ற ஆண்டைச் சொன்னால் கிள்ளையில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. அந்த டிசம்பர் 26-இல்தான் ஆழிப்பேரலை எம்.ஜி.ஆர். திட்டையும் முழுக்குத்துறையையும் சூறையாடியது. அந்த ஆண்டு இந்தக் கரையில் பிறந்து, தாயின் இடுப்பில் தொற்றிக்கொண்டு தப்பிய குழந்தைகளும், சென்னை எழும்பூரில் இந்திய உடையணிந்து ஆடிய இளைஞர்களும் ஏறத்தாழ ஒரே வயதுக்காரர்கள். ஒருவருக்கு எட்டிய வாய்ப்பு இன்னொருவருக்கு ஏன் எட்டவில்லை என்பதே இந்தக் கட்டுரை முழுவதும் ஓடும் கேள்வி.

இந்தப் போட்டி எப்போது தொடங்கியது? இதுவரை யார் யார் வென்றார்கள்?

முதல் போட்டி 1979-இல் பிரான்ஸ் நாட்டின் வெர்சாய் நகரில் நடந்தது. பாகிஸ்தான் வென்றது. அதற்குப் பிறகு ஜெர்மனியின் கைதான் ஓங்கியது. மேற்கு ஜெர்மனியாக இருந்த காலத்தையும் சேர்த்து, 2025-இல் பெற்றது அவர்களின் எட்டாவது கோப்பை. இந்தியா இரண்டு முறை வென்றிருக்கிறது. 2001-இல் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் அர்ஜென்டினாவை 6-1 என்று வீழ்த்தியது. 2016-இல் லக்னோவில் பெல்ஜியத்தை 2-1 என்று வென்றது. அர்ஜென்டினாவும் இரண்டு முறை, ஆஸ்திரேலியா ஒரு முறை.

முன்பு ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்த போட்டி, 2021 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிறது. டெல்லி, லக்னோ, புவனேஸ்வர் ஆகிய நகரங்களுக்குப் பிறகு இந்தியாவில் நான்காவது முறையாக நடந்தபோது, அது தமிழ்நாட்டுக்கு வந்தது. காங்கேயம் காளையை வைத்து 'காங்கேயன்' என்று சின்னத்துக்குப் பெயரிட்டிருந்தார்கள்.

இருபத்து நான்கு நாடுகளா? ஓமனை இந்தியா 17-0 என்று அடித்தது ஓர் ஆட்டமா?

இந்தச் சந்தேகத்தைக் கேட்டவர் கோபமாகவே கேட்டார். தோற்றவர்கள் மேல் அவருக்கு இரக்கம்.

ஜூனியர் உலகக் கோப்பையில் 24 அணிகள் ஆடியது இதுவே முதல் முறை. நான்கு நான்காக ஆறு பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் முதலிடம் பெறும் ஆறு அணிகளும், இரண்டாமிடம் பெற்றவற்றில் சிறந்த இரண்டு அணிகளும் காலிறுதிக்குப் போகும். புள்ளிகளும் வெற்றிகளும் சமமானால் கோல் வித்தியாசம் பார்க்கப்படும். அதனால் ஓர் அணி "போதும்" என்று பாதியில் நிறுத்திக்கொள்ள முடியாது. எதிரணியை மதித்து ஆடுவது என்பது கடைசி நிமிடம் வரை முழுமூச்சாக ஆடுவதுதான்.

சிறிய நாடுகளைச் சேர்த்ததன் பலனுக்கு வங்கதேசத்தைப் பாருங்கள். ஹாக்கியில் எந்த உலகக் கோப்பையும் ஆடியிராத அந்த நாடு முதன்முறையாக வந்தது. அதன் இளைஞர் அமிருல் இஸ்லாம் பெரும்பாலும் பெனால்டி கார்னர்களை அடித்தே போட்டியில் அதிக கோல் போட்டவர் ஆனார். கதவு 16 நாடுகளோடு மூடப்பட்டிருந்தால் அவர் பெயரை நாம் கேட்டிருக்கவே மாட்டோம். சின்ன ஊர்க்காரர்களான நமக்கு இது நன்றாகப் புரிய வேண்டும். சிறியவர்களுக்கு இடம் கொடுத்தால் முதலில் தோற்பார்கள், பிறகு கற்பார்கள்.

பாகிஸ்தான் ஏன் வரவில்லை?

அட்டவணைப்படி இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே பிரிவில் இருந்தன. போட்டிக்கு ஒரு மாதம் முன்பு, அக்டோபரில் பாகிஸ்தான் விலகிக்கொண்டது. அதன் இடத்தில் ஓமன் சேர்க்கப்பட்டது. இரு நாட்டு உறவில் இருந்த இறுக்கமே காரணம். முதல் கோப்பையை வென்ற நாடு இல்லாமல் போட்டி நடந்தது வருத்தத்துக்கு உரியதே.

இந்திய அணி எங்கே சறுக்கியது, எங்கே எழுந்தது?

கேப்டன் ரோஹித் தலைமையில், முன்னாள் கோல் கீப்பர் பி.ஆர்.ஸ்ரீஜேஷின் பயிற்சியில் இந்தியா ஆடியது. பிரிவுச் சுற்றில் சென்னையில் சிலியை 7-0, மதுரையில் ஓமனை 17-0, சுவிட்சர்லாந்தை 5-0 என்று வென்றது. மூன்று ஆட்டத்தில் ஒரு கோலும் வாங்கவில்லை.

உண்மையான சோதனை காலிறுதியில் வந்தது. பெல்ஜியத்துடன் 2-2 என்று சமநிலை. ஷூட்அவுட்டில் 4-3 என்று தப்பியது. கோல் கீப்பர் பிரின்ஸ்தீப் சிங் அன்று சுவராக நின்றார். அரையிறுதியிலோ ஜெர்மனி 5-1 என்று இந்தியாவை உருட்டிவிட்டது.

டிசம்பர் 10-ஆம் தேதி வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டம். எதிரணி அர்ஜென்டினா. மூன்று கால்பகுதிகள் முடிந்தபோது இந்தியா 0-2 என்று பின்தங்கியிருந்தது. மீதம் பதினைந்தே நிமிடம். அந்தப் பதினைந்து நிமிடத்தில் அங்கித் பால், மன்மீத் சிங், ஷர்தானந்த் திவாரி, அன்மோல் எக்கா என நால்வர் வரிசையாக கோல் போட்டார்கள். 4-2. அரையிறுதியில் அடிவாங்கிய பிள்ளைகள் மூன்றே நாளில் தலைநிமிர்ந்து எழுந்தார்கள். தங்கத்தைவிடக் குறைந்தது வெண்கலம் என்று சொல்பவர்கள் அந்தக் கால்பகுதியை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இறுதிப் போட்டியில் ஜெர்மனியும் ஸ்பெயினும் 1-1 என்று நிற்க, ஷூட்அவுட்டில் ஜெர்மனி 3-2 என்று கோப்பையைத் தட்டிச் சென்றது. ஜெர்மன் கோல் கீப்பர் யாஸ்பர் டிட்சருக்கு அதில் பெரும் பங்கு.

ஷூட்அவுட், பெனால்டி கார்னர், பெனால்டி ஸ்ட்ரோக் – மூன்றும் ஒன்றுதானா?

மூன்றும் வெவ்வேறு. பார்ப்பவர்களை அதிகம் குழப்புவது இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறோம்.

முதலில் ஆட்டத்தின் கணக்கு. ஒரு நேரத்தில் களத்தில் 11 பேர். நான்கு கால்பகுதி, ஒவ்வொன்றும் 15 நிமிடம். மாற்று வீரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் இறக்கலாம். கோல் கம்பத்தைச் சுற்றி அரைவட்டமாக ஒரு கோடு இருக்கும். அதற்குள்ளிருந்து அடித்தால் மட்டுமே கோல். வெளியிலிருந்து எவ்வளவு வேகமாக அடித்து உள்ளே போனாலும் செல்லாது.

அந்த அரைவட்டத்துக்குள் தடுக்கும் அணி தவறு செய்தால் பெனால்டி கார்னர். கோல் கம்பத்தில் இருந்து 10 மீட்டர் தள்ளி, பின்கோட்டில் இருந்து ஒருவர் பந்தைத் தள்ளிவிடுவார். அரைவட்டத்துக்கு வெளியே காத்திருப்பவர் அதை நிறுத்துவார், இன்னொருவர் அடிப்பார். பந்து அரைவட்டத்துக்கு வெளியே ஒருமுறை போய் வந்தாக வேண்டும். தடுக்க கோல் கீப்பரையும் சேர்த்து ஐந்து பேருக்கு மட்டுமே அனுமதி. மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும். முகக்கவசம் மாட்டிக்கொண்டு பந்தின் எதிரே பாய்கிறார்களே, அந்தக் காட்சி இதுதான். பந்தை ஸ்டிக்கில் அணைத்து இழுத்துச் சுழற்றி எறிவதற்கு டிராக் ஃபிளிக் என்று பெயர். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் இந்த வேலைக்குப் பின்னால் தினமும் நூற்றுக்கணக்கான முறை அடித்துப் பழகிய உழைப்பு இருக்கிறது.

கோலாகியிருக்க வேண்டிய பந்தைத் தவறான முறையில் தடுத்தாலோ, அரைவட்டத்துக்குள் வேண்டுமென்றே தவறு செய்தாலோ பெனால்டி ஸ்ட்ரோக். கோலுக்கு 6.4 மீட்டர் தூரத்தில் பந்து. அடிப்பவரும் கோல் கீப்பரும் மட்டும்.

காலிறுதி போல முடிவு தெரிந்தாக வேண்டிய ஆட்டம் சமநிலையில் முடிந்தால் ஷூட்அவுட். கால்பந்தில் போல நின்ற இடத்தில் இருந்து அடிப்பதில்லை. 23 மீட்டர் கோட்டில் இருந்து பந்தோடு ஓடி வந்து, எட்டு விநாடிக்குள் கோல் கீப்பரை ஏமாற்றி அடிக்க வேண்டும். அணிக்கு ஐந்து பேர். கோல் கீப்பர் வேண்டுமென்றே தடுத்து விழவைத்தால், அதற்கு பெனால்டி ஸ்ட்ரோக் கிடைக்கும். எட்டு விநாடி என்பது நாம் வாசற்படியில் செருப்பைக் கழற்றும் நேரம். அதற்குள் பந்தை வலமும் இடமும் உருட்டி, கீப்பர் சாயும் பக்கத்தைப் படித்து, எதிர்ப்பக்கம் தட்டிவிட வேண்டும்.

தரை ஏன் நீலமாக இருக்கிறது? ஆட்டத்துக்கு முன் தண்ணீர் அடிக்கிறார்களே, வீண்தானே?

நிலத்தடி நீர் உப்பேறிப்போகும் கடலோர ஊர்க்காரர்கள் இதைக் கேட்காவிட்டால்தான் ஆச்சரியம்.

நீல நிறம் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அறிமுகமானது. வெள்ளையோ மஞ்சளோ எந்தப் பந்தானாலும் நீலத்தில் பளிச்சென்று தெரியும், தொலைக்காட்சியிலும் நன்றாகத் தெரியும் என்பதே காரணம். தண்ணீர் தெளிப்பது பந்து வேகமாகவும் சீராகவும் உருளுவதற்கும், வீரர்கள் விழுந்தால் தோல் உரிந்து சூடு பிடிக்காமல் இருப்பதற்கும். காய்ந்த செயற்கை இழையில் முழங்காலைத் தேய்த்து விழுந்தவர்களுக்கு அந்த வலி தெரியும்.

ஆனாலும் தண்ணீர்க் கவலை நியாயமானது. உலக ஹாக்கி அமைப்பும் தண்ணீர்த் தேவையைக் குறைக்கும் தரைகளை நோக்கித்தான் நகர்கிறது. எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் 2023-இல் போடப்பட்ட தரை, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் போட்ட அதே வகை. முந்தைய தரைகளைவிடக் குறைந்த தண்ணீர் போதும். அதன் இழைகளுக்கான மூலப்பொருளில் பெரும்பகுதி கரும்பில் இருந்து கிடைப்பது. நெல்லிக்குப்பம் ஆலைக்கு வண்டி வண்டியாகக் கரும்பு போவதைப் பார்த்து வளர்ந்த நம் மாவட்டத்துக்காரர்களுக்கு, உலகக் கோப்பை ஆடும் தரையும் கரும்பில் இருந்து வந்தது என்பது மனதுக்கு நெருக்கமான செய்தி.

செயற்கைத் தரை வந்துதான் இந்திய ஹாக்கி கெட்டது என்கிறார்களே?

பாதி உண்மை. 1928 முதல் 1980 வரை ஒலிம்பிக்கில் எட்டு தங்கம் வென்ற நாடு நாம். அதில் கடைசித் தங்கத்தை மாஸ்கோவில் வென்றபோது கேப்டன், சென்னையைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன். ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை முதலில் வந்தது 1976 மாண்ட்ரியலில். அந்த முறை இந்தியா ஏழாவது இடத்துக்குப் போனது. புல்தரையில் பந்தை ஸ்டிக்கோடு ஒட்டவைத்துப் போகும் நம் வித்தைக்குப் பதிலாக, வேகமும் உடல்திறனும் முன்னுக்கு வந்தன.

தரை மாறியதைவிட, அந்தத் தரை நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கத் தாமதமானதே பெரிய இழப்பு. மேற்கத்திய நாட்டுச் சிறுவன் பத்து வயதில் செயற்கைத் தரையில் பழகினான். நம்மூர்ச் சிறுவன் மாநில அணிக்குத் தேர்வான பிறகுதான் அதைக் கண்ணால் பார்த்தான். ஒடிசா, பஞ்சாப், ஹரியாணா போன்ற மாநிலங்கள் அந்தத் தாமதத்தைக் குறைத்தன. டோக்கியோவிலும் பாரிஸிலும் அடுத்தடுத்து வெண்கலம் வந்தது அதன் விளைவு.

ஹாக்கி நம் தேசிய விளையாட்டுதானே? பாடப்புத்தகத்தில் படித்தோமே?

பலரும் அப்படித்தான் படித்திருக்கிறோம். ஆனால் 2012-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுந்த கேள்விக்கு, எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவிக்கவில்லை என்று மத்திய அரசு பதில் சொன்னது. அரசாணை இல்லாவிட்டாலும் ஹாக்கியின் பெருமை குறைந்துவிடாது. 1925 நவம்பர் 7-இல் குவாலியரில் இந்திய ஹாக்கிக் கூட்டமைப்பு உருவானது. அதன் நூற்றாண்டு நிறைந்த மாதத்தில்தான் இந்த உலகக் கோப்பை தொடங்கியது.

தமிழ்நாட்டில் நடத்தினார்கள். இந்திய அணியில் ஒரு தமிழ்நாட்டுப் பையனாவது இருந்தானா?

இல்லை. 18 பேர் கொண்ட அணியில் பஞ்சாப், உத்தரப் பிரதேசம், ஒடிசா, மணிப்பூர், கர்நாடகம் என்று பல மாநிலத்துப் பிள்ளைகள் இருந்தார்கள். நம் பிள்ளை ஒருவரும் இல்லை. கைதட்டிய கைகளுக்கு இது வலிக்கத்தான் செய்தது. இந்த வலியை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் திறமை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. மூத்தோர் அணியில், அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வம், கோவில்பட்டியைச் சேர்ந்த மாரீஸ்வரன் சக்திவேல் இருவரும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடி வெண்கலம் பெற்றவர்கள். 2023-இல் சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற அணியிலும் கார்த்தி இருந்தார். இருவருமே கோவில்பட்டியில் பயின்றவர்கள்.

கோவில்பட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பேர்போன அந்த ஊரில் ஹாக்கி பல தலைமுறையாக ஓடுகிறது. லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கு நாடெங்கும் இருந்து அணிகள் வருகின்றன. அரசின் ஹாக்கி விடுதியும் செயற்கைத் தரை மைதானமும் அங்கே இருக்கின்றன. தந்தை ஆடிய இடத்தில் பிள்ளை ஆடுகிறான், வீதியில் ஸ்டிக்கோடு போகும் பையனை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. ஒரு வீரர் உருவாவதற்கு முன்னால் ஓர் ஊர் உருவாக வேண்டும் என்பதற்குக் கோவில்பட்டியே சாட்சி.

என் பையன் இடதுகைக்காரன். இடதுகை ஸ்டிக் எங்கே கிடைக்கும்?

எங்கேயும் கிடைக்காது. ஹாக்கியில் இடதுகை ஸ்டிக்குக்கு அனுமதியே இல்லை. ஸ்டிக்கின் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. உருண்டைப் பக்கத்தால் பந்தைத் தொடக் கூடாது. உலகம் முழுவதும் ஒரே வகை ஸ்டிக்தான்.

இதற்காகக் கவலைப்பட வேண்டாம். எல்லோரும் இடதுகையை மேலேயும் வலதுகையைக் கீழேயும் வைத்துத்தான் பிடிக்கிறார்கள். ஸ்டிக்கைச் சுழற்றித் திருப்புவது மேலே இருக்கும் இடதுகை. அதனால் இடதுகைப் பழக்கம் உள்ள பிள்ளைக்கு இது பாதகமாக அமையாது.

பந்து கல் மாதிரி இருக்கிறதே, அடிபடாதா? செலவு எவ்வளவு ஆகும்?

பந்தின் எடை 156 முதல் 163 கிராம். கெட்டியானதுதான். அதனால் முழங்காலுக்குக் கீழே கட்டும் ஷின் கார்டும், பல்லுக்கு மவுத் கார்டும் இல்லாமல் பிள்ளையை இறக்கக் கூடாது. ஸ்டிக்கைத் தோளுக்கு மேலே வீசக் கூடாது, ஆள் நிற்கும் பக்கம் பந்தைத் தூக்கி அடிக்கக் கூடாது என்பதைப் பயிற்சியாளர்கள் முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள். முறையாகக் கற்றால் பயம் தேவையில்லை.

ஸ்டிக் என்றாலே ஆயிரக்கணக்கில் ஆகும் என்று நினைக்கிறார்கள். பெரிய வீரர்கள் வைத்திருக்கும் கார்பன் கலந்த ஸ்டிக்தான் அந்த விலை. தொடங்குகிற பிள்ளைக்கு ஜலந்தரிலும் மீரட்டிலும் செய்கிற சாதாரண மர ஸ்டிக் போதும். இடுப்பு எலும்பு உயரத்துக்கு இருந்தால் சரி. ஒரு பள்ளி பத்து ஸ்டிக்கும் நான்கு பந்தும் வாங்கி வைத்தால், ஐம்பது பிள்ளைகள் முறைவைத்துப் பழகலாம்.

பெண் பிள்ளைகளுக்கு இந்த வாய்ப்பு உண்டா?

உண்டு. ஆண்கள் போட்டி நடந்த அதே டிசம்பரில், பெண்கள் ஜூனியர் உலகக் கோப்பை சிலி நாட்டின் சாண்டியாகோ நகரில் நடந்தது. அதிலும் 24 அணிகள், அதிலும் இந்தியா ஆடியது. நம் மாநில விளையாட்டு விடுதிகளில் மாணவிகளுக்கும் இடம் உண்டு. கரையில் மீன்கூடை தூக்கும் தாயின் தோள் வலு மகளுக்கும் இருக்கும்தானே.

கிள்ளைப் பிள்ளைக்கு வழி என்ன? எங்கே போய்க் கேட்பது?

முதல் படி பள்ளி. உடற்கல்வி ஆசிரியரிடம் சொல்லி, குறுவட்ட, மாவட்ட அளவிலான பள்ளிப் போட்டிகளில் ஹாக்கி அணி ஒன்றைப் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் ஹாக்கி இருக்கிறது.

இரண்டாவது படி, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகள். 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளில் சேர ஆண்டுதோறும் கோடையை ஒட்டித் தேர்வு நடக்கும். உணவு, தங்குமிடம், பயிற்சி, படிப்பு எல்லாம் அரசுச் செலவு. கடலூர் அண்ணா விளையாட்டரங்கில் இருக்கும் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விவரம் கேட்கலாம். ஆறாம் வகுப்பு முடிகிற பிள்ளைக்கு அதுதான் சரியான நேரம். பத்தாம் வகுப்புக்குப் பிறகு யோசிக்கத் தொடங்கினால் மிகவும் தாமதம்.

மூன்றாவது படி, பக்கத்தில் இருப்பதைப் பயன்படுத்துவது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உடற்கல்வித் துறை இருக்கிறது. அங்கே படிக்கும் மாணவர்கள் வாரத்தில் ஒருநாள் கிள்ளைக்கு வந்து கற்றுக்கொடுத்தாலே ஒரு தலைமுறைக்கு அடித்தளம் விழும்.

இங்கே அவ்வளவு பெரிய மைதானம் எங்கே இருக்கிறது? மழைக்காலத்தில் திடலே குளமாகிவிடுகிறதே?

முழு மைதானம் 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். உப்பங்கழியும் உவர்நிலமும் சூழ்ந்த ஊரில் அவ்வளவு சமதளம் கிடைப்பது கடினம், கிடைத்தாலும் ஐப்பசி முதல் மார்கழி வரை தண்ணீர் நிற்கும்.

இதற்கு நல்ல மாற்று ஒன்று இருக்கிறது. ஐவர் ஹாக்கி. அணிக்கு ஐந்து பேர், ஏறத்தாழ பாதி மைதானம் போதும். 2024 ஜனவரியில் மஸ்கட்டில் அதற்கே தனி உலகக் கோப்பை நடந்தது. பள்ளி வளாகத்தில் ஒரு மூலையை மேடாக்கி, வடிகால் வைத்து, சிமெண்ட் தளம் போட்டால் ஐவர் ஹாக்கி ஆடலாம். சிமெண்ட் தளத்தில் பந்து சீராக உருளும். அதில் பழகிய கைக்கு செயற்கைத் தரை புதிதாக இருக்காது. புயல் பாதுகாப்பு மையம் உள்ள வளாகங்களில் ஆண்டின் பெரும்பகுதி காலியாகக் கிடக்கும் தளத்தையே கேட்டுப் பெறலாம். இது கோடிக்கணக்கான ரூபாய் வேலை அல்ல. பேரூராட்சியும் பள்ளி மேலாண்மைக் குழுவும் மனம் வைத்தால் முடியும்.

ஸ்டிக்கைப் பிடித்தால் படிப்பு என்ன ஆவது? சோறு போடுமா?

தாய்மார்கள் கேட்கும் கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

இந்திய அணிக்குப் போவது ஆயிரத்தில் ஒருவருக்கும் நிச்சயமில்லை. ஆனால் நல்ல மாநில வீரருக்குப் பாதை இருக்கிறது. தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. கல்லூரிச் சேர்க்கையில் விளையாட்டுப் பிரிவு இடங்கள் உண்டு. தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி போன்றவை ஹாக்கி அணிகளை வைத்திருக்கின்றன. இவை எதுவும் கிடைக்காவிட்டாலும், விடியற்காலையில் எழவும், தோற்றபின் மறுநாள் அதே களத்துக்குத் திரும்பவும், பத்துப் பேரோடு சேர்ந்து ஒன்றைச் சாதிக்கவும் பழகிய பிள்ளை எந்தத் தொழிலிலும் தாழ்ந்து போவதில்லை. படிப்பை விட்டுவிட்டு ஆடச் சொல்லும் பயிற்சியாளர் யாராவது இருந்தால் அவரிடம் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

டிக்கெட்டே இலவசம் என்றார்கள். எங்களுக்கு ஏன் தெரியவில்லை?

உண்மைதான். இந்தப் போட்டிக்கு இலவச டிக்கெட்டை இணையம் வழியே பெற்றுக்கொள்ள முடிந்தது. எழும்பூர் ரயில் நிலையத்தில் இருந்து ஸ்டேடியம் நடந்து போகும் தூரம். அடுத்த முறை எழும்பூரில் எந்தப் பெரிய ஹாக்கிப் போட்டி நடந்தாலும், பள்ளியே ஒரு குழுவாக மாணவர்களை அழைத்துப் போகட்டும். கைப்பேசியில் பார்க்கும் ஹாக்கிக்கும், ஸ்டிக்கில் பந்து மோதும் 'டக்' என்ற சத்தத்தைப் பத்தடி தூரத்தில் கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு பிள்ளை தானே உணர வேண்டும்.

இனி நாம் என்ன செய்யலாம்?

ஒரு சின்னக் கணக்கோடு முடிக்கலாம். 2014-இல் பிறந்த ஒரு கிள்ளைப் பிள்ளை இன்று ஐந்தாம் வகுப்பிலோ ஆறாம் வகுப்பிலோ இருக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்ற கணக்கு தொடர்ந்தால் 2035 வரை ஜூனியர் உலகக் கோப்பைக்கு அந்தப் பிள்ளைக்குத் தகுதி உண்டு. கையில் முழுதாகப் பத்து ஆண்டு இருக்கிறது. 2004-இல் பிறந்தவர்களுக்கு வீடு கட்டவும் படகு வாங்கவும் ஊர் எழுந்து நிற்கவுமே அந்தக் காலம் சரியாகப் போனது. அப்போது விளையாட்டைப் பற்றி யாரும் யோசித்திருக்க முடியாது. இப்போது யோசிக்கலாம்.

இரண்டு வாரம் கழித்து அதே திடலுக்குப் போனேன். தண்ணீர் வடிந்து தரை வெடிக்கத் தொடங்கியிருந்தது. பூவரசங்கிளை இரண்டாக உடைந்து ஓரமாகக் கிடந்தது. "உடைஞ்சிடுச்சாப்பா?" என்றேன். "ஆமாண்ணா. வேற வெட்டணும். நல்லா வளைஞ்சது கிடைக்க மாட்டேங்குது" என்றான். திடலைச் சுற்றியிருந்த மரங்களை அவன் கண்கள் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தன. அவனுக்கு நல்லதாக ஒரு ஸ்டிக் தேடித் தருவது ஊரின் பொறுப்பு.